ஏ லெவல் ஆங்கில இலக்கியம்: புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் கேம்பிரிட்ஜின் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) ஆங்கில இலக்கியம் எடுக்கத் தொடங்கும் இளம் ஆசிரியர்கள், பாடத் திட்டத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. தயார் செய்யாமல் வகுப்புக்குப் போவது, தாள்களைத் திருத்தாமல் வைத்திருப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அவற்றை விடுகிறேன்.

"முதலில் நூலை முடிப்போம், பிறகு எழுதலாம்"

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகம் என்று வைத்துக்கொள்வோம். அங்கத்துக்கு இரண்டு வாரம் என்று பங்கு போட்டு, கடைசியில் 'கட்டுரைப் பயிற்சி' என்று ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். சீனப் புத்தாண்டு ஒரு வாரத்தைத் தின்னும். நோன்புப் பெருநாள் இன்னொன்றை. விளையாட்டுப் போட்டி மிச்சத்தை. அந்தக் கட்டம் வந்து சேரவே சேராது.

கேம்பிரிட்ஜ் தாள் ஒவ்வொன்றும் 2 மணி நேரம், இரண்டு கட்டுரை. நூலை உள்ளே கொண்டுபோக முடியாது. நினைவிலிருந்து வரிகளை எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வாதத்தைக் கட்டும் பழக்கம் கடைசி நேரத்தில் வராது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஓர் இளம் ஆசிரியை மாதிரித் தேர்வுத் தாள்களை என் முன்னால் வைத்தார். "வரிக்கு வரி அர்த்தம் கேட்டா டக்குனு சொல்றாங்க டீச்சர். எழுதச் சொன்னா கதையையே எழுதி வைக்கிறாங்க." தாள்களைப் புரட்டினேன். எல்லாம் கதைச் சுருக்கம். மாதக்கணக்கில் வரிக்கு வரி பொருள் எழுதிக்கொடுத்த வகுப்பில் வேறென்ன வரும்? நம் பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் படித்து, குறளையும் பொருளையும் ஒன்றாக மனனம் செய்தவர்கள். அந்த வயதுக்கு அது சரி. இங்கே பொருள் சொல்வதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. எழுத்தாளர் அதை எப்படிச் செய்தார் என்பதற்குத்தான்.

எழுத்தை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் கணவன் மெக்பெத்தின் கடிதத்தை வாசித்து முடித்ததும் லேடி மெக்பெத் பேசுவது செய்யுள் நடையில். மூன்றாம் அங்கத்து விருந்துக்குப் பிறகு, நான்காம் அங்கம் முழுக்க அவளைக் காணோம். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து வருகிறாள். இப்போது பேச்சு உரைநடை, அதுவும் துண்டு துண்டாக. இரண்டு பகுதிகளையும் அருகருகே கொடுத்து, "என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டு, பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். இது முடிவை ஒளித்துவைத்துப் படிக்கும் நாடகம் அல்ல.

திட்டம் போடும்போது எழுத்து நாள்களை முதலில் குறியுங்கள். வாசிப்பு அவற்றைச் சுற்றி அமையட்டும். முழு நூலையும் வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டியதில்லை. முக்கியக் காட்சிகள் போதும், மற்றவை வீட்டில்.

இரண்டு வாரப் பின்னணி உரை

1603இல் மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணை ஏறியது, அவரைக் கொல்லத் திட்டமிட்ட 1605இன் வெடிமருந்துச் சதி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொட்டினால், மாணவர்கள் அதையே தேர்வில் ஒரு பக்கம் எழுதிவிட்டு நாடகத்துக்கு வருவார்கள். அந்தச் சதியை நினைவூட்டும் வாயிற்காவலன் காட்சி வரும்போது சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

சென்ற ஆண்டுத் திட்டத்தை அப்படியே எடுப்பது

நூல் பட்டியல் தேர்வு ஆண்டைப் பொறுத்து மாறும். நோன்புப் பெருநாளும் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். இரண்டையும் பார்த்த பிறகு புத்தகம் வாங்கச் சொல்லுங்கள்.

படத்தை முதலில் போட்டுக் காட்டுவது

வேண்டாம்.

தாள் முழுக்கச் சிவப்பு மை

இலக்கணம், எழுத்துப்பிழை, கருத்து என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் திருத்தினால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கும். ஒரு தாளில் ஒரு குறை போதும். மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த கருத்துக்குத் தாவியிருந்தால், ஓரத்தில் "அதனால் என்ன?" என்று எழுதிக்கொடுத்து, அந்த ஒரு பத்தியை மட்டும் மறுநாள் வகுப்பிலேயே திரும்ப எழுதச் சொல்லுங்கள்.