மரக்கரண்டி செதுக்கி சேரிட்டிக்கு காசு சேக்கணுமா? தோசை திருப்பில ஆரம்பிங்க

நல்ல காரியத்துக்குன்னு சொன்னா சுமாரான கரண்டியக் கூட ஒரு தடவ வாங்கிடுவாங்க, ஆனா அது நேரா ஷோகேஸுக்குப் போயிடும், அடுத்த வருஷம் அதே வீட்டுக் கதவத் தட்ட முடியாது. அதனால தினமும் அடுப்படில ஓடுற பொருளாப் பண்ணுங்க. இப்ப நிறைய வீட்ல நான்ஸ்டிக் தவா இருக்கு, எவர்சில்வர் போட்டா கோட்டிங் போயிடும், அதான் மரத்துல தோசை திருப்பிக்கு ஆள் இருக்கு. கரண்டி மாதிரி குழி தோண்டுற வேலையும் இல்ல, வாள், நல்லா தீட்டுன கத்தி, உப்புத்தாள் போதும்.

மரத்துக்கு காசு குடுக்காதீங்க. மழை சீசனுக்கு முன்னாடி தெருவுல கிளை வெட்டுவாங்க, அவங்ககிட்டயே கேளுங்க. பூவரசு கெடச்சா விட்டுடாதீங்க, தண்ணில சீக்கிரம் உளுக்காது, அந்தக் காலத்துல படகுக்கே போட்ட மரம். வேம்பும் ஓகே. மாமரம் சீவ ஈஸி, ஆனா பூச்சி அரிக்கும். புளி கசாப்புக்கடை கட்டைக்குப் போற மரம், அவ்ளோ கெட்டி, சீவுனா நமக்கு கை போயிடும். என்ன மரம்னே தெரியலன்னா வேணாம், அரளி, எட்டி எல்லாம் விஷம்.

பச்சையா இருக்கும்போதே சீவிடணும். கட்டையப் பொளந்து நடுத்தண்டு இருக்குற பாகத்தத் தள்ளிடுங்க, காயும்போது விரிசல் அங்கேர்ந்துதான் விடும். நார் கைப்பிடி நெடுக்க ஓடணும். முனை ரொம்ப முக்கியம், 2 மில்லிமீட்டருக்கு இறக்கி ஒரு பக்கம் மட்டும் சாய்வா சீவுங்க, தடியா விட்டா தோசைக்கு அடியில போகாது, கிழிச்சுட்டுதான் வரும். அப்புறம் நியூஸ்பேப்பர்ல சுத்தி நிழல்ல போடுங்க, அவசரப்பட்டு மொட்டை மாடி வெயில்ல வெச்சா அவ்ளோதான். காஞ்சதும் 120, 220 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு, ஒரு தடவ தண்ணில நனைச்சு காய விடுங்க, நார் முள்ளு முள்ளா எழும்பும், அத 400ல தேச்சுட்டா கழுவுனாலும் சொரசொரன்னு ஆகாது. கடைசியா தேங்காண்ணெய். வார்னிஷ் கிட்டயே போகாதீங்க.

விக்கிறதுக்கு நவராத்திரிதான் டைம், வெத்தலபாக்கோட வெச்சுக் குடுக்க கிஃப்ட் தேடுறவங்க மொத்தமா எடுப்பாங்க, அதுக்கு ஆகஸ்ட்லயே கிளை கேட்டு வெச்சுடுங்க. காசு யாருக்குப் போகுதுன்னு டேபிள்லயே எழுதி வைங்க, உதாரணத்துக்கு 1954ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். பணத்த பேங்க் வழியா அனுப்புங்க, 2000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கெடையாது. உப்புத்தாள், எண்ணெய் செலவு போக மிச்சம் எவ்ளோன்னு எழுதி, ரசீதோட அப்பார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல போட்டுடுங்க.