பிரிட்டிஷ் ஊர்க்கதை எழுதுகிறீர்களா? கால் இடறும் இடங்கள் இவை

பிரிட்டனில் பல சின்ன ஊர்களில் நூலகத்திலோ தேவாலய வாசலிலோ ஒரு மெல்லிய புத்தகம் விற்பனைக்கு இருக்கும். ஊரின் பழைய கதை, பள்ளிக்கூட நினைவுகள், இப்போது இல்லாத கடைகள், மங்கலான சில படங்கள். உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் போடும் புத்தகங்கள் அவை. அங்கே குடியேறிய நம்மவர்களும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதையோ, பிள்ளையின் பள்ளி வேலைக்காகத் திரட்டியதையோ எழுதலாம். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் இந்த வகை எழுத்தில் ஒரு தலைகீழ்ப் பழக்கம் உண்டு. சொல்பவர் எதில் பிசகுவாரோ அதை அப்படியே நம்பிவிடுகிறோம். எதில் பிசகமாட்டாரோ அதை 'இதெல்லாம் எதற்கு' என்று வெட்டிவிடுகிறோம். எழுபது வருடம் கழித்து ஒருவருக்கு ஆண்டு மாறிப்போகும். குளிரில் உறைந்த பள்ளிப் பால் பாட்டிலை வகுப்பறை அடுப்பருகே வைத்து உருக்கியதும், வெதுவெதுப்பான அந்தப் பாலின் குமட்டலும் மாறாது.

முதலில் ஆண்டு. 'அந்தப் பெரிய பனிக்காலம்' என்று ஒருவர் ஆரம்பித்தால் உடனே ஓர் ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். போருக்குப் பிந்தைய தலைமுறையின் பேச்சில் அப்படி இரண்டு வரும். 1947இல் ஜனவரி கடைசியில் பிடித்த பனி மார்ச் நடுப்பகுதி வரை விடவில்லை. நிலக்கரி வண்டிகள் நகரவில்லை, மின்சாரம் வெட்டப்பட்டது, பனி உருகியதும் வெள்ளம் வந்தது. இன்னொன்று 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி 1963 மார்ச் வரை இழுத்தது. கென்ட் கரையில் ஹெர்ன் பே பக்கம் கடலே உறைந்தது. எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்தின் மூன்றாம் சுற்று ஜனவரி 5இல் தொடங்கி மார்ச் 11இல்தான் முடிந்தது. இரண்டையும் பார்த்தவர்களின் நினைவில் இவை ஒன்றோடொன்று கலந்துகிடக்கும். 'எந்த வருஷம்?' என்று கேட்டால் பயனில்லை. அப்போது எந்த வகுப்பு, வீட்டில் தொலைக்காட்சி இருந்ததா, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டீர்களா, அம்மா கையில் ரேஷன் புத்தகம் இருந்ததா என்று கேளுங்கள். ஆண்டு தானாக வந்து விழும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மிட்டாய்க்கு ரேஷனை நீக்கியது 1949இல் என்று ஒரு பாட்டி சொல்வார். எழுதுகிறவர் இணையத்தைப் பார்த்து, '1953 பிப்ரவரி 5' என்று திருத்திவிடுவார். பாட்டி சொன்னதுதான் சரியாக இருக்கும். 1949 ஏப்ரலில் ஒருமுறை நீக்கினார்கள். கடைகளில் கூட்டம் அலைமோதியதும் சரக்கு போதாமல் ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த நாலு மாதம் ஒரு பிள்ளையின் மனதில் எப்படிப் பதிந்திருக்கும்! அதை அழித்துவிட்டு அரசாங்கத் தேதியை எழுதி வைத்தால், ஊருக்கென்று இருந்த ஒரு தகவல் போனதுதான் மிச்சம்.

தேதி விஷயத்தில் பழைய அஞ்சலட்டைகளும் ஏமாற்றும். பின்புறம் 1912 முத்திரை இருந்தால் படமும் 1912 என்று எழுதிவிடுகிறார்கள். கடைக்காரர் பழைய சரக்கைப் பல வருடம் வைத்து விற்றிருப்பார். முத்திரை சொல்வது ஒன்றுதான்: படம் அதற்குப் பிந்தியது இல்லை. அட்டையின் வடிவமும் ஏதோ சொல்லும். 1902க்கு முன்பு முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அனுமதி கிடையாது, அதனால் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள்.

அடுத்தது காசு. 1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். ஆக, பவுனுக்கு 240 பென்ஸ். பழைய கணக்குப் புத்தகத்தில் '2/6' என்று இருந்தால் அது பின்னமுமில்லை, ஜூன் 2ஆம் தேதியுமில்லை. இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 'ஹாஃப் கிரவுன்' நாணயம். எட்டு சேர்ந்தால் ஒரு பவுன். துணிக்கடை விலைச்சீட்டில் '1/11¾' என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு ஷில்லிங்குக்கு ஒரு ஃபார்திங் (கால் பென்னி) குறைவு. இன்று 99 பென்ஸ் என்று போடும் அதே தந்திரம். மீதி ஃபார்திங்குக்குப் பதில் ஊசிப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்து அனுப்பும் கடைகளும் இருந்தன. இந்த மாதிரி விவரம் கிடைத்தால் பொன். அதை விட்டுவிட்டு, ஆறு பென்ஸை 'இன்றைய மதிப்பில் இரண்டரை பென்ஸ்' என்று மாற்றி எழுதுவது பலருக்கும் பழக்கம். கணக்கு சரிதான், வாசகருக்கு ஒன்றும் புரியாது. ஆறு பென்ஸுக்கு என்ன வாங்கினார்கள், அப்பாவின் வாரக்கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதினால் போதும்.

கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) எல்லை இன்னொரு குழி. 1974 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் வரைபடத்தையே மாற்றி வரைந்தார்கள். பர்க்‌ஷயரிலிருந்த ஆபிங்டன் ஆக்ஸ்ஃபர்ட்‌ஷயருக்குப் போனது, ஹாம்ப்‌ஷயரின் போர்ன்மத் டோர்செட்டுக்குப் போனது, யார்க்‌ஷயரின் சாடில்வொர்த் கிரேட்டர் மான்செஸ்டரில் சேர்ந்தது. ரட்லண்ட் தனிக் கவுன்டி என்ற தகுதியை இழந்து 1997இல்தான் திரும்பப் பெற்றது. லண்டனைச் சுற்றி இது 1965இலேயே நடந்துவிட்டது. தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாம் அதுவரை எசெக்ஸ் கவுன்டிக்காரர்களின் ஊர். ஹாரோவும் வெம்பிளியும் மிடில்செக்ஸ். 'நான் எசெக்ஸில் பிறந்தவள்' என்று ஈஸ்ட் ஹாம் மூதாட்டி சொன்னால் அதை 'லண்டன்' என்று திருத்த வேண்டாம். இது உணர்ச்சி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. ஆபிங்டனின் பழைய தேவாலயப் பதிவேடுகளைத் தேடுகிறவர் ஆக்ஸ்ஃபர்டில் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்புவார். அவை ரீடிங்கில், பர்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதும்போது நமக்கென்றே ஒரு தொல்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லெய்செஸ்டர்', 'நார்விச்' என்று எழுதினால் அந்த ஊர்க்காரருக்கே அடையாளம் தெரியாது. லெஸ்டர், நாரிட்ஜ் என்பதுதான் வழக்கு. கென்ட்டில் ஜில்லிங்கம், டோர்செட்டில் கில்லிங்கம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. நேரில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

'எங்கள் ஊர் 1086இல் தோன்றியது' என்ற வாக்கியத்தை எத்தனை புத்தகங்களில்தான் பார்ப்பது! 1086 என்பது வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பின் ஆண்டு. வரி போடுவதற்கு ஏற்கெனவே ஊர் இருந்ததால்தான் அதில் பெயர் ஏறியது. பெயர் இல்லையென்றால் ஊர் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லண்டனே அதில் இல்லை, டர்ஹமும் நார்த்தம்பர்லாந்தும் இல்லை. 'குரோம்வெல் இடித்த தேவாலயம்' என்பதும் இப்படித்தான். தாமஸ் குரோம்வெல் மடங்களை மூடவைத்தது 1530களில், ஆலிவர் குரோம்வெல் போர் நடத்தியது 1640களில். ஊர்க்கதையில் இருவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அவர்களுக்கு முன்பே கூரை இடிந்து விழுந்த கட்டடத்துக்கும் பழி அவர்கள் தலையில்தான்.

பிள்ளைகள் கைகோத்துச் சுற்றி ஆடி, கடைசியில் பொத்தென்று விழும் 'ரிங் எ ரிங் ஓ ரோசஸ்' பாட்டு 1665 கொள்ளைநோயைப் பற்றியது என்று அடித்துச் சொல்வார்கள். பிரிட்டனில் அது அச்சேறியது 1881இல். கொள்ளைநோய் விளக்கம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. குழந்தைப் பாடல்களை ஆராய்ந்த ஓப்பி தம்பதி அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. நீங்கள் எழுத வேண்டியது உங்கள் ஊரில் அதை எப்படி ஆடினார்கள் என்பது: விழுந்தார்களா, குனிந்து வணங்கினார்களா, விழுந்தபின் எழ இன்னொரு அடி பாடினார்களா? ஊருக்கு ஊர் மாறியது அதுதான்.

ரயில் நிலையம் மூடியதென்றால் பழி, பாதைகளை மூடச் சொல்லி அறிக்கை எழுதிய ரயில்வே தலைவர் பீச்சிங் மேல். அவருடைய அறிக்கை வந்தது 1963 மார்ச்சில். ஆனால் நார்ஃபோக் பக்கம் ஓடிய மிட்லண்ட் அண்ட் கிரேட் நார்தர்ன் பாதையின் பெரும்பகுதி 1959 பிப்ரவரியிலேயே மூடியாகிவிட்டது. பயணிகள் வண்டி நின்ற பிறகும் சரக்கு வண்டி சில வருடம் ஓடிய ஊர்கள் உண்டு. 'கடைசி ரயிலைப் பார்த்தேன்' என்று இருவர் வேறு வேறு ஆண்டு சொன்னால் இருவருமே சரியாக இருக்கலாம்.

சரி, ஆவணத்தைப் பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடுமே என்றால், அங்கும் ஓட்டைகள் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1942 டிசம்பரில் தீக்கிரையாயின. 1941இல் போரினால் கணக்கெடுப்பே இல்லை. 1951 தாள்களுக்கு நூறாண்டு காத்திருக்க வேண்டும். இடையில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு. அதைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: செப்டம்பர் 1 முதலே லட்சக்கணக்கான பிள்ளைகளை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பியாகிவிட்டது. லண்டன் வீட்டில் பிள்ளை பெயர் இல்லையென்றால் 'பிறகு பிறந்திருப்பான்' என்று முடிவு கட்டாதீர்கள். முன்பின் தெரியாத யார் வீட்டிலோ அவன் பெயர் இருக்கும். பிறந்து நூறு வருடம் ஆகாதவர்களின் வரி மறைக்கப்பட்டும் இருக்கும்.

என்னைக் கேட்டால் பள்ளி நினைவுகளுக்கு ஆகச் சிறந்த துணை தலைமையாசிரியரின் நாட்குறிப்புப் பதிவேடு. அரசு மானியம் பெற்ற பள்ளிகள் 1862இலிருந்து இதை எழுத வேண்டியிருந்தது. அறுவடைக்குப் பிள்ளைகள் வரவில்லை, தட்டம்மையால் பள்ளி மூடல், மழையில் போட்டுவர பூட்ஸ் இல்லை என்ற மாதிரி வரிகள் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். கிழக்கு லண்டன் பெரியவர்கள் செப்டம்பரில் கென்ட்டுக்கு 'லீவுக்குப் போனோம்' என்பார்கள். குடும்பத்தோடு பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியின் பூக்களைப் பறிக்கக் கூலிக்குப் போனதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இரண்டு வார்த்தையையும் எழுதுங்கள், ஒன்றால் மற்றதை அழிக்காதீர்கள்.

'அப்போதெல்லாம் யாரும் கதவைப் பூட்டமாட்டார்கள்' என்ற வரி வந்ததும் பேனாவைக் கீழே வையுங்கள். யாருடைய கதவு? பூட்டி வைக்க உள்ளே என்ன இருந்தது? பதினொரு வயதில் எழுதிய 'லெவன் பிளஸ்' தேர்வில் தேறி கிராமர் பள்ளிக்கு (தேர்வில் தேறியவர்களை மட்டும் சேர்த்த உயர்நிலைப் பள்ளி) போனவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். நினைவு எழுதுகிறவர்களில் அவர்கள் குரலே ஓங்கிக் கேட்கும். மற்ற மூன்று பங்கு ஆட்கள் அதே தெருவில்தான் இருந்தார்கள், அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

கடைசியாக, வெட்டக்கூடாததை வெட்டுவது. ஓடிப்பிடித்து விளையாடும்போது 'என்னைப் பிடிக்காதே, கொஞ்சம் பொறு' என்று விரலைப் பின்னிக் காட்டிப் பிள்ளைகள் ஒரு சொல் சொல்வார்கள். ஓப்பி தம்பதி 1950களில் நாடெங்கும் பள்ளிகளிலிருந்து இதைத் திரட்டினார்கள். லண்டன் பக்கம் 'ஃபெய்னைட்ஸ்', மேற்கு ஓரத்திலும் ஸ்காட்லாந்திலும் 'பார்லி', கிழக்கில் 'கிங்ஸ்', வடகிழக்கில் 'ஸ்கின்ச்'. ஒருவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கம் வளர்ந்தவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தட்டச்சு செய்கிறவர் இதை 'பிள்ளைகள் விளையாடி மகிழ்ந்தோம்' என்று சுருக்கிவிடுவார். அப்படிச் சுருக்கினால் அந்த நினைவு எந்த ஊருக்கும் பொருந்தும்.

அப்புறம் நடைமுறை விஷயம் ஒன்று. வகுப்புப் படத்தில் பெயர் போடுவதற்கு முன் உயிரோடு இருப்பவர்களிடம் சம்மதம் வாங்குங்கள், ஒலிப்பதிவுக்கும் அப்படியே. சொன்னவர் பிறந்த ஆண்டு, பேசிய தேதி, சொன்னது அவர் கண்டதா கேட்டதா என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறித்து, ஒரு பிரதியை அந்தக் கவுன்டியின் ஆவணக் காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள். திருத்தாத ஒலிப்பதிவையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் வேண்டாம் என்று விட்ட வரியைத் தேடித்தான் அடுத்தவர் வருவார்.