லூபஸ் ஃப்ளேரா, கர்ப்பமா, இல்ல ரெண்டுமேவா? முதல் சில நாள்ல என்ன பண்ணனும்

நாள் தள்ளிப்போயிருக்கு, கூடவே விரல் மூட்டெல்லாம் வீங்கி காலைல எந்திரிக்கவே முடியல, இது லூபஸ் (நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்ப தாக்கற நோய்) மறுபடி கிளம்புதா, அதாவது ஃப்ளேரா, இல்ல விசேஷமான்னு தெரியாம முழிச்சிட்டு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். உடம்பு சொல்றத வெச்சு முடிவு பண்ண பாக்காதீங்க, ஏன்னா அசதி, குமட்டல், முடி கொட்டறது, முகம் சிவக்கறது எல்லாமே ரெண்டு பக்கமும் வரும். பீரியட்ஸ் தள்ளிப்போறது கூட ஃப்ளேர் வந்தாலும் நடக்கும், ஸ்டீராய்டு டோஸ் ஏத்தினாலும் நடக்கும். அதனால முதல் வேலை கர்ப்ப டெஸ்ட் பண்றதுதான்.

மெடிக்கல்ல கிடைக்கற கார்டு போதும், விலை கூடின கம்பெனி வாங்கணும்னு இல்ல. காலைல முதல் யூரின்ல கவர்ல போட்டிருக்கற அளவு சொட்டு விட்டுட்டு அதுல சொல்ற நேரம் மட்டும், பொதுவா 5 நிமிஷம், வெயிட் பண்ணுங்க. சி கிட்ட மட்டும் கோடுன்னா நெகட்டிவ். டி கிட்டயும் வந்தா, அது எவ்ளோ மங்கலா இருந்தாலும், பாசிட்டிவ்னே எடுத்துக்கங்க. சி கோடே வரலன்னா அந்த கார்டு வேஸ்ட், வேற வாங்குங்க. ரொம்ப நேரம் கழிச்சு குப்பைலேர்ந்து எடுத்து பாத்து ஒரு கோடு தெரியுதேன்னு பதறவேணாம், காஞ்சப்புறம் வர்ற கோட்டுக்கு அர்த்தம் இல்ல. நெகட்டிவ் வந்தும் பீரியட்ஸ் வரலன்னா ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்க, இல்லன்னா கர்ப்ப ஹார்மோன பாக்கற பீட்டா எச்.சி.ஜி ரத்த டெஸ்ட் எடுத்துருங்க. உங்களுக்கு எப்பவுமே பீரியட்ஸ் தாறுமாறா வரும்னா கணக்கு வேற, கடைசியா பாதுகாப்பு இல்லாம சேந்த நாள்லேர்ந்து 21 நாள் கழிச்சு பண்ற டெஸ்டதான் நம்பலாம்.

இப்ப முக்கியமான விஷயம், மாத்திரை. ரெண்டு கோட்ட பாத்த உடனே பயந்துபோய் எல்லா மாத்திரையையும் தூக்கி போட்டுடறாங்க, வீட்டுலயும் "வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு இவ்ளோ மாத்திரையா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அம்மாவோ மாமியாரோ அக்கறைலதான் சொல்றாங்க, ஆனா இந்த விஷயத்துல அவங்க பேச்ச கேக்காதீங்க. எச்.சி.க்யூ.எஸ்னு போடறோமே ஹைட்ராக்சிகுளோரோகுயின், அத நிறுத்தவே கூடாது. கர்ப்பத்துல அது சேஃப், நிறுத்தினாதான் ஃப்ளேர் வர்ற வாய்ப்பு கூடும். வைசோலோன், ஓம்னாகார்டில் மாதிரி ஸ்டீராய்டும் அப்படித்தான், பல வாரமா போட்டுட்டு இருந்தத திடீர்னு விட்டா பிபி இறங்கி வாந்தி மயக்கம்னு வேற பிரச்சனைல கொண்டு போய் விடும், டோஸ கொறைக்கறது டாக்டர் வேலை. அசதயோபிரின், டாக்ரோலிமஸ் ரெண்டும் கர்ப்பத்துல தொடரக்கூடிய மருந்துதான்.

பயப்படவேண்டிய லிஸ்ட் வேற. மைக்கோஃபீனோலேட், மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைட், லெஃப்ளுனோமைட் இதுல எது எடுத்தாலும் பாசிட்டிவ் வந்த அன்னிக்கே, அடுத்த டோஸ் போடறதுக்கு முன்னாடியே உங்க லூபஸ பாக்கற ருமட்டாலஜி டாக்டருக்கு ஃபோன் போட்டுருங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. மைக்கோஃபீனோலேட் குழந்தையோட காது, உதடு, இதயம்னு உருவாகற நேரத்துலயே பாதிக்கக்கூடியது, அதான் இவ்ளோ அவசரம். கிட்னிக்காகவோ பிபிக்காகவோ டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போடறவங்களுக்கும் மாத்தணும், பொதுவா லேபட்டலால் இல்ல நிஃபெடிபின் குடுப்பாங்க. வார்ஃபரின்ல இருக்கீங்கன்னா ஹெப்பாரின் ஊசிக்கு மாத்துவாங்க, ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, ரத்தம் கட்டிக்கற ஆபத்து இருக்கு. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் வேணாம், டாக்டர்கிட்ட பேசற வரைக்கும் பாராசிட்டமால் போதும். மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, பேர் மறந்துபோச்சு, வெள்ளை கலர் மாத்திரைன்னு சொன்னா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஃப்ளேர்தானான்னு பாக்கறதுக்கு நீங்க வீட்டுல கவனிக்கவேண்டியது யூரினும் பிபியும். யூரின்ல நுரை வந்து தண்ணி ஊத்தியும் சீக்கிரம் போகலன்னா, காலைல கண்ணு ரப்பை உப்பியிருந்தா, சாயங்காலம் கால்ல விரல் வெச்சு அமுக்கினா குழி விழுந்தா, கிட்னிய பாக்கணும். முகத்துல வர்ற சிவப்பு மூக்கு மேலயும் கன்னத்துலயும் பரவி மூக்கோரத்து மடிப்ப மட்டும் விட்டிருந்தா அது லூபஸ் மாதிரி, நெத்தியிலயும் மேலுதட்டுலயும் பழுப்பா வந்தா கர்ப்பத்துல வர்ற மங்கு. மேலண்ணத்துல வலியே இல்லாத புண், தொட்டா சூடா இருக்கற மூட்டு இதெல்லாம் லூபஸ் பக்கம்தான் கை காட்டும்.

லேப் ரிப்போர்ட்ட படிக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கு. கர்ப்பத்துல ஈ.எஸ்.ஆர் (உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) தானாவே ஏறும், அத பாத்து ஃப்ளேர்னு முடிவு பண்ண முடியாது. சி3, சி4 (லூபஸ் கிளம்பினா குறையற ரத்த புரதம்) கர்ப்பத்துல சாதாரணமா ஏறணும், அதனால நார்மலோட கீழ் எல்லைல இருந்தா கூட டாக்டர் யோசிப்பாங்க. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியேட்டினின் இறங்கணும், பேப்பர்ல நார்மல்னு போட்டிருக்கற 1.0 கர்ப்பிணிக்கு நார்மல் இல்ல. யூரின்ல ப்ரோட்டீன் போகுதான்னு பாக்கற யூரின் ப்ரோட்டீன் கிரியேட்டினின் ரேஷியோவும், லூபஸ் வேகத்த காட்டற டி.எஸ்.டி.என்.ஏ ஆன்டிபாடியும் கேட்டு வாங்கி எடுங்க. இதுவரைக்கும் எடுக்கலன்னா குழந்தையையும் பாதிக்கக்கூடிய ஆன்டிபாடிகளான ஆன்டி ரோ, ஆன்டி லா, அப்புறம் ரத்தம் கட்டிக்க வைக்கற ஆன்டிபாஸ்ஃபோலிபிட் ஆன்டிபாடி, இந்த டெஸ்ட் மூணும் எடுக்கணும். ரோ பாசிட்டிவ்னா குழந்தைக்கு ஹார்ட் பிளாக் (இதயத்தோட மின் சிக்னல் தடைபட்டு துடிப்பு குறையறது) வர வாய்ப்பு சுமார் 2 சதவீதம், அதனால 16, 18 வாரத்துலேர்ந்து குழந்தையோட இதயத்த எக்கோல பாத்துட்டு வருவாங்க. 12 வாரத்துக்கு மேல எக்கோஸ்பிரின் மாதிரி குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் எழுதினா எதுக்குன்னு பயப்படாதீங்க, லூபஸ் இருந்தா கர்ப்பகாலத்து பிபி வர்ற வாய்ப்பு கூட, அத தடுக்கத்தான்.

ஒரு பக்கமா அடிவயிறு கடுமையா வலிச்சா, ரத்தப்போக்கோட தலை சுத்தினா, மூச்சு வாங்கினா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, 140/90க்கு மேல பிபி போச்சுன்னா, காய்ச்சல் 100.4 தாண்டினா, ஃபோன்ல கேட்டுட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. வயித்து வலியும் தலைசுத்தலும் சேந்தா கரு குழாய்ல தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து.

கிட்னி மோசமா இருக்கும்போது கர்ப்பம் தங்கிட்டா தொடரணுமா வேணாமான்னு ருமட்டாலஜிஸ்ட், மகப்பேறு டாக்டர் ரெண்டு பேரையும் வெச்சு பேசுங்க, முடிவு உங்களோடது. வேணாம்னு முடிவெடுத்தாலும் சட்டப்படி ஆஸ்பத்திரிலயே பண்ணிக்கலாம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கி வீட்டுல போடறது மட்டும் வேண்டவே வேணாம்.

டெஸ்ட் நெகட்டிவ்னு உறுதியாச்சா? அப்ப ஃப்ளேர மட்டும் பாத்தா போதும், ஆனா குழந்தை வேணும்னா நோய் குறைஞ்சது 6 மாசம் அடங்கியிருக்கணும், அதுவரைக்கும் கர்ப்பத்த தள்ளிப்போடுங்க. காப்பர் டி போட்டுக்கலாம். ஈஸ்ட்ரோஜன் இருக்கற கருத்தடை மாத்திரை, ஆன்டிபாஸ்ஃபோலிபிட் பாசிட்டிவ் இருக்கறவங்களுக்கும் நோய் கிளம்பியிருக்கறவங்களுக்கும் ஆகாது. அவசரத்துக்கு 72 மணி நேரத்துக்குள்ள போடற லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரைய லூபஸ் இருக்கறவங்களும் போடலாம், எவ்ளோ சீக்கிரம் போடறமோ அவ்ளோ நல்லா வேலை செய்யும்.