சாய்ஸ் ஃபில்லிங்கில் வரிசை தப்பினால் சீட்டும் தப்பும்

ஒரு பொறியியல் கவுன்சலிங் சமயம், கல்லூரிகளையும் படிப்புகளையும் விருப்ப வரிசையில் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங் முடிந்த பிறகு, புதுவயலில் இருந்து ஒரு மாணவி அவள் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தாள். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்) படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. தற்காலிக ஒதுக்கீட்டில் கிடைத்ததோ வெளியூரில் ஒரு தனியார் கல்லூரி. அவளைவிடக் கட்-ஆஃப் (ரேங்குக்குக் கணக்கிடும் மதிப்பெண்) குறைந்த, அதே இடஒதுக்கீட்டுப் பிரிவுப் பையனுக்கு அந்த ஈ.சி.ஈ. கிடைத்திருந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஆசைப்பட்டதை ஒன்பதாவதாகப் போட்டிருந்தாள். “எப்படியும் கிடைக்காதுன்னு சொன்னாங்க சார். அதான் கிடைக்கிறதை முதல்ல போட்டேன்.”

நம் பக்கத்தில் ஆண்டுதோறும் நான் பார்க்கிற தவறு இதுதான். மென்பொருள் ஒவ்வொருவரையும் ரேங்க் வரிசைப்படி எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். முதலாவது நிரம்பிவிட்டதா, இரண்டாவதைப் பார்க்கும். எட்டாத கல்லூரியை மேலே போட்டதற்காகக் கீழே இருப்பது பறிபோகாது. அது உங்களைவிட ரேங்கில் முந்தியவருக்குத்தான் போகும். அதனால் கட்-ஆஃப் 200க்கு எவ்வளவாக இருந்தாலும், வரிசை ஆசைப்படிதான் இருக்க வேண்டும். போன ஆண்டு ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்-ஆஃபைப் பார்ப்பது, பட்டியலை எதுவரை நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அதையும் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரியதாகப் பாருங்கள்.

சரி, கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே நகரக் காத்திருக்கலாமே என்பீர்கள். காத்திருக்கலாம். ஆனால் கிடைத்த விருப்பத்துக்கு மேலே இருப்பவை மட்டும்தான் அப்போது கணக்கில் வரும். அந்த மாணவிக்கு முதல் விருப்பமே கிடைத்துவிட்டது, நகர்வதற்கு மேலே எதுவும் இல்லை. இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். சித்தப்பா சொன்னாரே என்று ஒரு கல்லூரியை மேலே போட்டுவைத்தால், நகரும்போது அதில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். கையில் இருந்த பழைய இடம் திரும்பக் கிடைக்காது. சேர மனமில்லாத எதையும் பட்டியலில் எங்கேயும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, பத்து பன்னிரண்டு விருப்பத்தோடு நிறுத்திவிடுவது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றிருக்கும்போது ஏன் கஞ்சத்தனம்? கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துக் குறியீட்டைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. ஒரே கல்லூரியில் ஒரே படிப்பு, அரசு உதவி பெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் இரண்டு வரியில் இருக்கும், கட்டணமோ வேறு வேறு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்காததும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரைக்குடியில் இருக்கும் நம் சிக்ரியையே (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) எடுத்துக்கொள்ளுங்கள். 1948ல் அடிக்கல் நாட்டிய ஆராய்ச்சி நிலையம், பேட்டரியும் துருப்பிடித்தலும் அதன் அன்றாட வேலை. அங்கே கெமிக்கல் அண்டு எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங்கில் பி.டெக். இருக்கிறது. அந்த வாசல் வழியாகவே பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகள்கூட “அங்கே படிக்கலாமா சார்?” என்று கேட்கிறார்கள். வேதியியல் பிடிக்கும் என்றால் அது எத்தனையாவது இடம் என்று நின்று யோசியுங்கள்.

கணினியில் ஏற்றுவதற்கு முன் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, “இதுவும் இதுக்கு அடுத்ததும் ரெண்டுமே கிடைச்சா எதுல சேருவே?” என்று கேட்கட்டும். கீழே இருப்பதைச் சொன்னால் அந்த இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.