கிடப்பில் போட்ட உரக்குவியலை மறுபடி எழுப்ப

பல மாதமாகத் தொடாமல் விட்ட உரக்குவியலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். பக்கத்திலேயே ஓர் இடத்துக்கு அதை மண்வெட்டியால் மாற்றிப் போடுங்கள். மேலே இருந்தது அடிக்குப் போகட்டும். ஒவ்வொரு அரை அடிக்கும் தண்ணீர் தெளித்து, புதிதாக வெட்டிய புல்லையோ காய்கறித் தோலையோ தூவுங்கள்.

மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போவதில்லை. காற்றும் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) இல்லாமல் முடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். காய்ந்த சருகில் கரிமம் ஏராளம், தழைச்சத்து சொற்பம். பச்சைக் கழிவு அந்தக் குறையை ஈடுகட்டும். தண்ணீரைக் குவியலின் தலையில் ஊற்றினால் பெரும்பாலும் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடு வயிறு காய்ந்தே இருக்கும். அதனால்தான் அடுக்கடுக்காக நனைப்பது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் அதிகம். எல்லாம் சரியாக அமைந்தால் சில நாளில் உள்ளே கைவைத்தால் சூடு தெரியும்.

குவியல் ஈரமாக, அழுகல் நாற்றத்தோடு இருந்தால் இந்த வைத்தியம் ஆகாது. அதற்குத் தண்ணீரும் பச்சையும் வேண்டாம். கிளறி, காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ கலந்தால் போதும். மூன்றடிக்கும் சிறிய குவியலில் சூடு நிற்காது, மெதுவாகத்தான் மக்கும். அடியில் கருப்பாக, மண்வாசனையோடு உதிர்ந்தால் அது ஏற்கெனவே உரம்தான், சலித்துச் செடிக்குப் போடுங்கள். அப்புறம், முதல் வெட்டுக்கு முன் குச்சியால் நாலு தட்டு தட்டுங்கள். எலியோ பாம்போ குடியிருக்கலாம்.