உயர்த்திய அபராதம் சாலையில் பலன் தர என்ன செய்ய வேண்டும்?

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019-ல் நிறைவேறியது. அதன்படி உயர்த்தப்பட்ட அபராதங்களைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தலைக்கவசம் அணியாததற்கு 100 ரூபாயாக இருந்த அபராதம் 1,000 ஆனது. உரிமம் இன்றி ஓட்டினால் 5,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. ஆயினும், பெட்ரோல் டேங்க்கின் மேல் கிடந்த ஹெல்மெட் காவலரின் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் தலைக்கு ஏறி, சிக்னலைத் தாண்டியதும் பழைய இடத்துக்கே திரும்புவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அந்த ஓட்டுநர் ஆயிரம் ரூபாய்க்கு அஞ்சத்தான் செய்கிறார். அந்தச் சிக்னலைத் தவிர வேறெங்கும் பிடிபட மாட்டோம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவும் போக்குவரத்துக் காவல் துறையும் இனிக் கூட்ட வேண்டியது தொகையை அன்று, பிடிபடும் வாய்ப்பை.

முதலில், எல்லா விதிமீறல்களையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டாம். காவல் நிலையத்தின் விபத்துப் பதிவுகளை எடுத்து, உயிரிழப்பு நேர்ந்த இடம், நேரம், காரணம் ஆகியவற்றைப் பார்த்து, அப்பகுதியில் ஆட்களைக் கொல்லும் இரண்டு அல்லது மூன்று மீறல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அவை அதிவேகம், எதிர்த்திசையில் வருதல், குடித்துவிட்டு ஓட்டுதல் ஆகியவையாகவே இருக்கும். பகலில் ஓரமாக நிறுத்தி ஆவணங்களைச் சோதிப்பது எளிது, வழக்கு எண்ணிக்கையும் கூடும்; ஆனால் இரவு பதினொரு மணிக்குப் புறவழிச்சாலையில் நடக்கும் விபத்தை அது தடுக்காது.

அபராதம் விதிக்கும் முன் சாலையைச் சரிசெய்வது நியாயம். நிறுத்தக் கோடு தேய்ந்து மறைந்துபோன சந்திப்பில், கோட்டைத் தாண்டியதாக ஒருவர்மீது வழக்குப் போட்டால் அவர் சட்டத்தை மதிக்க மாட்டார், வெறுக்கவே செய்வார். வேக வரம்புப் பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருக்கிறதா, வண்டியைத் திருப்ப வெகுதூரம் போக வேண்டியிருப்பதால்தான் மக்கள் எதிர்த்திசையில் வருகிறார்களா என்று நேரில் நடந்து பார்த்து, நெடுஞ்சாலைத் துறையிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

அடுத்தது வசூல், பெரும்பாலான முயற்சிகள் தளர்ந்துபோகும் இடம். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, கேமரா உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்று வகுத்தது. இந்த விரைவு மிக முக்கியம். பல மாதம் கழித்து வரும் இ-சலான் (மின்னணு அபராத அறிவிப்பு) தண்டனையாகத் தோன்றாது, வரி பாக்கியாகத்தான் தோன்றும். வாகனப் பதிவில் பழைய செல்பேசி எண் இருந்தால் செய்தியே போகாது என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துடன் சேர்ந்து எண்களைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் விற்ற வண்டிக்கோ போலி எண் பலகைக்கோ தவறாகச் சலான் வந்தவர் முறையிட எளிய வழியும், அதற்குக் குறித்த காலத்தில் பதிலும் வேண்டும். ரொக்கமாக வாங்குவதை அடியோடு நிறுத்துங்கள். கைமாறும் ஒரு நூறு ரூபாய் நோட்டு, ஆயிரம் ரூபாய் அபராதத்தின் மதிப்பை அந்தத் தெரு முழுவதும் அழித்துவிடும்.

பணத்தைப் பொருட்படுத்தாதவர்களுக்குச் சட்டத்திலேயே வேறு வழிகள் உள்ளன. தலைக்கவசம் தொடர்பான 194டி பிரிவு அபராதத்துடன் மூன்று மாத உரிமத் தடையையும் கூறுகிறது. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வாகன உரிமையாளரோ பொறுப்பேற்க வேண்டும். சட்டத்தை அமல்படுத்துபவரே மீறினால் 210பி பிரிவின்படி இரட்டிப்பு அபராதம். மக்கள் முதலில் கவனிப்பது ஹெல்மெட் இல்லாத காவலரைத்தான் என்பதால், இதைத் தயங்காமல் செயல்படுத்த வேண்டும்.

பலனை அளக்க வசூல் தொகையைப் பார்க்காதீர்கள். தேர்ந்தெடுத்த சந்திப்பில், காவலர் இல்லாத நேரத்தில், நூறு வண்டிகளில் எத்தனை விதியை மீறுகின்றன என்று நடவடிக்கைக்கு முன்பும் பின்பும் எண்ணுங்கள். காவலர் நிற்கும்போது மட்டும் அந்த எண் குறைந்தால், பணிநேரத்தை முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி மாற்றி, அடுத்த மாதம் மறுபடியும் எண்ணுங்கள்.