பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள்: சிறு விமான எஞ்சினுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை

எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்நிலையை அறிய, ஆயில் மாற்றும் நாளைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. செஸ்னா 172எஸ் விமானத்தின் லைகமிங் ஐஓ-360 எஞ்சினை வைத்துச் சொல்கிறோம். ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேர ஓட்டம் அல்லது 4 மாதம், எது முந்துகிறதோ அதுதான் கெடு. வெறும் சல்லடை மட்டும் உள்ள பழைய எஞ்சினுக்கு 25 மணி நேரம். வேலையை யார் செய்தாலும், லைசென்ஸ் உள்ள பராமரிப்புப் பொறியாளர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

வடிப்பது

எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு உடனே வடியுங்கள். ஆறவிட்டால் துகளும் கசடும் அடியில் தங்கிவிடும். மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி) ஆஃப், சாவி கையில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. இவை மூன்றும் முடியாமல் ப்ரொப்பெல்லர் பக்கம் போகக் கூடாது. சோதனைச் சாலைக்கு அனுப்பும் மாதிரியை வடிகிற ஆயிலின் நடுப்பகுதியில் பிடியுங்கள். முதலில் வருவதிலும் கடைசியில் வருவதிலும் அடிக்கசடு கலந்திருக்கும். சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) உள்ள உறிஞ்சு சல்லடையையும் கழற்றிப் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பெரிய துண்டு ஏதாவது உடைந்திருந்தால் முதலில் சிக்குவது அங்கேதான்.

ஃபில்டரை வெட்டுவது

ஃபில்டர் எஞ்சினின் பின்பக்கம், மேக்னெட்டோக்களுக்கு அருகில் இருக்கும். ஆயில் அவற்றின் மேல் சிந்தாமல் துணி போட்டு மூடிக் கழற்றுங்கள். பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய வளையமும் ஏறினால், அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி வெளியேறிவிடும்.

டப்பாவை அதற்கென்று உள்ள சக்கரக் கட்டரால்தான் திறக்க வேண்டும். ஹேக்சா பிளேடு போட்டால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழும், பிறகு எது எஞ்சினுடையது என்று தெரியாது. காகித மடிப்பைக் கத்தியால் அறுத்தெடுத்து, பிழிந்து, வெள்ளைத் துணி மேல் விரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருந்து நகத்தால் அழுத்தினால் நொறுங்குவது கார்பன், கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு: வால்வை இயக்கும் கேம், டாப்பெட், அல்லது பிஸ்டன் ரிங், பல்சக்கரம் இவற்றில் ஒன்று தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அலுமினியம். பிஸ்டன் பின்னின் முனையில் உள்ள பிளக்கைச் சந்தேகப்படுங்கள். மஞ்சளாக மின்னினால் வெண்கல புஷ். துகள்களை எண்ணி, அளவு பார்த்து, படம் எடுத்து, லைகமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 480-இல் உள்ள வரையறையோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த முடிவு.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை

மதுரையில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் சோதனைச் சாலை தரும் ஆயில் அறிக்கையில் சிலிக்கான் ஏறியிருந்தால், ஏர் ஃபில்டர் சட்டத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காற்றுக் குழாய் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மண் உள்ளே போனால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். சிலிக்கானோடு இரும்பும் குரோமியமும் சேர்ந்து ஏறும். அண்மையில் சிலிக்கோன் சீலண்ட் பூசியிருந்தாலும் சிலிக்கான் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் விமானம் நின்றே கிடப்பது புழுதியைவிட மோசம். இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நிற்கும்போது ஆயில் படலம் வழிந்து இறங்க, ஈரக் காற்றில் கேமும் டாப்பெட்டும் துருப்பிடிக்கும். துருவின் குழியிலிருந்துதான் உலோகம் செதில் செதிலாகப் பெயர்கிறது. தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது உதவாது. எரிவதால் உண்டாகும் நீராவி ஆயிலில் சேருமே தவிர ஆவியாகிப் போகாது. மாதம் ஒருமுறையாவது, ஆயில் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் (74–93 செல்சியஸ்) சூட்டில் இருக்க, ஒரு மணி நேரம் பறக்க வேண்டும்.

நிரப்புவது

புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, 16–18 அடி-பவுண்டு முறுக்கில் இறுக்கி, கழலாமல் இருக்க சேஃப்டி வயர் கட்டுங்கள். சம்ப் 8 குவார்ட் பிடிக்கும், ஏறத்தாழ ஏழரை லிட்டர். 5 குவார்ட்டுக்குக் கீழே பறக்கக் கூடாது. விளிம்பு வரை நிரப்பினால் பல எஞ்சின்கள் மேல் பங்கை பிரீதர் (எஞ்சினின் காற்றுப் போக்கிக் குழாய்) வழியே விமானத்தின் வயிற்றுப் பக்கம் துப்பிவிடும், 7 போதும். கார் ஆயில் கூடவே கூடாது. அதிலுள்ள உலோகச் சேர்மானம் சாம்பலாகப் படிந்து, உரிய நேரத்துக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்து பிஸ்டனை ஓட்டை போடும்.

ஸ்டார்ட் செய்த 30 வினாடிக்குள் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஏறினால், சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஃபில்டர் அடியிலும் வடிகால் வால்விலும் கசிவு பார்த்து, அளவுகோலில் ஆயிலை மறுபடி சரிபாருங்கள். ஆயில் வகை, மணி, ஃபில்டரில் கண்டது எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் "உலோகம் இல்லை" என்றே எழுதுங்கள். அடுத்த முறை நாலு துகள் வந்தால், அது புதிதா பழையதா என்பதை அந்த வரிதான் சொல்லும்.